பிரேக் அக்காவின் இடது கண்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பிரேக் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பள்ளியின் சின்ன வெள்ளைக் காரில் ஓட்டுகிறவர் காலுக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் சொல்லிக்கொடுக்கிறவர் காலுக்கு இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்தான் அவளுடைய ராஜ்யம். இடது சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, வலது காலை அதன்மேல் பட்டும் படாமலும் வைத்திருப்பாள். ஓட்டுகிறவன் பயந்து முடிப்பதற்குள் வண்டி நின்றிருக்கும். "ஓட்டுறது உன் வேலை, நிறுத்துறது என் வேலை. பயப்படாம போ" என்பாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி, அதுவரை சைக்கிளில்கூட ஏறாதவர்களெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள்.

பள்ளி அவளுக்கும் அவள் தம்பிக்கும் பொது. லாரி, பேருந்து ஓட்டப் பழக்குவது தம்பி. கார் முழுக்க அக்கா பொறுப்பு. அவளிடம் பழகியவர்கள் தேர்வில் தோற்பது அபூர்வம். அதற்கு அவள் வைத்திருந்த ஒரு முறை காரணம். வண்டி நகர்ந்த நிமிடத்திலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். "முன்னாடி ஆட்டோ, இடது ஓரத்துல ஒரு பெரியவர், வலது பக்கம் ஸ்கூட்டர் முந்துது" என்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி சொல்லிக்கொண்டே வர வேண்டும். வாய் நின்றால் திட்டு விழும். வாயால் சொல்கிறவன் பார்க்காமல் இருக்க முடியாது என்பது அவள் கணக்கு. நல்ல கணக்குதான். அந்தக் கணக்கே அவளைக் கவிழ்க்கும் என்று யாருக்குத் தெரியும்?

அவள் வேலையில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பார்கள். எண்ணெய் ஒன்றைத்தான் அவள் கண்ணில் விடவில்லை. மற்றதையெல்லாம் விட்டாயிற்று. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கண் அரிக்கும், சிவக்கும், காலையில் நூல்நூலாகப் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். முழங்கை மடிப்பில் சொறி, பனிக்காலத்தில் இளைப்பு. இவை இரண்டும் கண்ணோடு கூடப்பிறந்தவை போல வந்து போகும். ஆரம்பத்தில் காற்றில் தூசி பறக்கும் மாதங்களில் மட்டும் வந்தது. பிறகு வருஷம் முழுக்க என்று ஆகிவிட்டது. அரிப்பு வந்துவிட்டால் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து ஒரு கசக்குக் கசக்குவாள் பாருங்கள், பார்க்கிறவனுக்குக் கண் வலிக்கும். அவளுக்கு அது சொர்க்கம். அதிலும் இடது கண்தான் அதிகம் அரிக்கும்.

எப்போதோ ஒரு டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். பால் மாதிரி வெள்ளையாக, அடியில் படிந்திருக்கும். குலுக்கிவிட்டுப் போட வேண்டும். இரண்டு வாரம் போட்டுவிட்டு வந்து காட்டச் சொல்லியிருந்தார். போட்ட மறுநாளே அரிப்பு போன இடம் தெரியவில்லை. அப்புறம் எதற்கு டாக்டர்? நிறுத்தினால் அரித்தது, போட்டால் அடங்கியது. மருந்துக்கடைக்காரருக்கு அவள் படியேறும்போதே தெரியும். "வழக்கமானது தானேக்கா?" என்று கேட்டுக்கொண்டே கை அலமாரிக்குப் போய்விடும். இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. பால் மருந்து ஒன்று வீட்டில், ஒன்று கைப்பையில், ஒன்று காரில் அவளுக்கு எதிரே இருக்கும் பெட்டியில். சிக்னலில் வண்டி நிற்கும்போது தலையைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டுக்கொள்வாள். பிசகாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தச் சமயத்தில் அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவள் ஒரு தையல்காரி. கடைத்தெருவில் சொந்தமாகத் தையல்கடை வைத்திருப்பவள். தைத்த துணிகளைத் தானே வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஊசிக்கண்ணில் நூலை ஒரே தடவையில் கோத்துவிடுகிற கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் நடுங்கும். ஆனால் வாய் நடுங்காது. எதிரே போகிறவள் போட்டிருக்கும் சட்டையின் தையல் கோணல்வரை சொல்லுவாள். "அதெல்லாம் வேண்டாம், வண்டியை மட்டும் சொல்லு" என்று அக்காவே கெஞ்சுகிற அளவுக்குப் பேச்சு.

ஒரு நாள் காலை தையல்காரி வந்தாள், வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. கையால் தொண்டையைக் காட்டி, இன்றைக்கு வேண்டாமா என்று ஜாடையில் கேட்டாள்.

"பரவாயில்ல, ஏறு. ஒரு நாளாவது என் காதுக்கு லீவு கிடைக்கட்டும்" என்றாள் அக்கா.

வண்டி கிளம்பியது. பள்ளிக்கூட மதிலை ஒட்டிய தெரு, பிறகு மரக்கடைத் தெரு. காருக்குள் இன்ஜின் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அக்காவுக்கு அன்றைக்கு என்னவோ போல் இருந்தது. தெரு வழக்கத்தைவிட காலியாக இருப்பதாகத் தோன்றியது. ஆள் நடமாட்டமே இல்லையே, விடுமுறையோ என்றுகூட நினைத்தாள். நன்றாகப் போகிறாள், தைரியம் வந்துவிட்டது என்று மனசுக்குள் தையல்காரியை மெச்சிக்கொண்டாள்.

சடாரென்று வண்டி குலுங்கி நின்றது. அக்காவின் தோளைப் பெல்ட் இறுக்கிப் பிடித்தது. காரின் முன்பக்கம், இடது விளக்குக்கு ஒரு கை தூரத்தில், கர்ப்பிணிப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். ஒரு கையை வயிற்றின்மேலும் ஒரு கையைக் காரின்மேலும் வைத்திருந்தாள். அவளுடைய பை கீழே விழுந்து வெங்காயம் உருண்டு ஓடியது. அந்தப் பெண் வாயைத் திறந்து திட்டக்கூட இல்லை. கண்ணாடி வழியாக அக்காவின் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிய முடியாமல் குனிந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா தன் வலது காலைப் பார்த்தாள். அது பிரேக்கின்மேல் பட்டும் படாமலும் அப்படியே இருந்தது. மிதிக்கவே இல்லை. நிறுத்தியது தையல்காரி.

தையல்காரியின் முகம் வெளுத்திருந்தது. மூச்சை இழுத்து, காற்றுக் குரலில் கேட்டாள். "அக்கா, நீங்க பாக்கலையா? மரக்கடைக்கிட்டேர்ந்தே வந்தாங்களே."

எங்கிருந்து வந்தாள் அந்தப் பெண்? மரக்கடையிலிருந்து வண்டி நின்ற இடம் வரை நல்ல தூரம். அவ்வளவு தூரமும் நடந்து வந்தவளை இவள் காணவில்லை. ஆனால் வாய் அதற்குள் வேலை பார்த்துவிட்டது.

"பாத்தேன். நீ என்ன பண்றேன்னு பாக்கத்தான் காலை வைக்கல. சோதிச்சேன்."

தையல்காரியின் முகம் மலர்ந்தது பாருங்கள், அதைப் பார்ப்பதற்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம். அன்று மத்தியானம் தன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்தக் கதையைத்தான் சொன்னாளாம். அக்கா சோதித்தாள், நான் ஜெயித்தேன் என்று.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் அக்கா கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா வயதானவள், சிரிக்கத் தெரியாதவள் போல இருந்தாள். அக்காவின் மேல் இமையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பி விளக்கு வைத்துப் பார்த்தாள். "உள்ள கூழாங்கல் பரப்பின மாதிரி இருக்கு" என்றாள். கண்ணின் அழுத்தத்தை அளந்தாள். ஒரு தடவை அளந்தவள் மறுபடி அளந்தாள். அப்புறம் குரல் மாறிவிட்டது. "என்ன மருந்து போடுறீங்க?" என்று கேட்டாள். அக்கா கைப்பையிலிருந்து பால் மருந்தை எடுத்துக் காட்டினாள். டாக்டரம்மா அதை வாங்கி மேஜையின் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள், திருப்பித் தரவில்லை.

பக்கத்து அறையில் ஒரு இயந்திரம். அதற்குள் தலையை நுழைத்து நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது மினுக்கென்று வெளிச்சம் வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்குச் சுலபமாகத்தான் இருந்தது. இடது கண்ணுக்கு வந்ததும் வெளிச்சம் வரவில்லை. காத்திருந்தாள். வரவில்லை. இயந்திரம் மட்டும் உள்ளுக்குள் கிர், கிர் என்று நகர்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு கிர்ருக்கும் ஒரு வெளிச்சம் காட்டுகிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்தது. வாழ்நாளெல்லாம் தேர்வுக்கு ஆள் தயார் செய்தவள் அல்லவா, தோற்க மனசு வரவில்லை. சத்தத்துக்குத் தாளம் போட ஆரம்பித்தாள். கிர், அழுத்து. கிர், அழுத்து.

டாக்டரம்மா வந்த முடிவைப் பார்த்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"வெளிச்சமே காட்டாதப்பவும் அழுத்தியிருக்கீங்க. மெஷின் நடுவுல நடுவுல சும்மா சத்தம் மட்டும் கொடுக்கும், உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான்."

கையும் களவுமாகப் பிடிபட்ட மாணவி போல அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரை ஏமாத்துறீங்க? இதுல பாஸ் பண்ணா நான் என்ன பரிசா தரப் போறேன்? போங்க, மறுபடி உக்காருங்க. தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க."

மறுபடி உட்கார்ந்தாள். இந்தத் தடவை கை சும்மா கிடந்த நேரம்தான் அதிகம். சத்தம் போய்க்கொண்டே இருந்தது, பொத்தான் அசையவில்லை. அந்த இருட்டுப் பெட்டிக்குள் தலையை வைத்துக்கொண்டு, இல்லாத வெளிச்சங்களுக்காகக் காத்திருந்த அந்த நேரம்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமானது என்று பிற்பாடு தம்பியிடம் சொன்னாள்.

வந்த படத்தில் இடது கண்ணின் பாதிக்கு மேல் கறுப்பாக இருந்தது. வலது கண்ணில் மூக்குப் பக்க ஓரத்தில் ஒரு பிறை மட்டும். அந்தக் கண்ணுக்கு இடது பக்கம் அதுதான்.

"எனக்குக் கறுப்பாவே தெரியலையே டாக்டர். எல்லாம் நல்லாத்தானே தெரியுது" என்றாள் அக்கா.

"கறுப்பா தெரியாது. அதுதான் இதோட கெட்ட புத்தி. இல்லாத இடத்தை மூளை பக்கத்துல இருக்கிறதை வச்சு ஒப்பேத்திடும். ஆள் நிக்கிற இடத்துல வெறும் தெருன்னு காட்டும்."

அக்காவுக்கு மரக்கடைத் தெரு காலியாக இருந்தது நினைவுக்கு வந்தது.

"எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்கு, சத்தா சாப்பிடுன்னு சின்ன வயசுல சொன்னாங்க. அதனாலயா?"

"கம்மி இல்லம்மா. தேவைக்கு மேல இருக்கு. கிருமி வந்தா அடிக்கிறதுக்குத்தான் அந்தச் சக்தி. உங்க உடம்பு தூசியையும் மகரந்தத்தையும் கிருமின்னு நினைச்சுக்குது. கண்ணோட சவ்வுல சின்னச் சின்ன அணுக்கள் இருக்கு, உள்ள ஹிஸ்டமின்னு ஒரு சரக்கை நிரப்பி வச்சுக்கிட்டு. வேண்டாத விருந்தாளி வந்ததும் உடைஞ்சு அதைக் கொட்டும். அதுதான் அரிப்பு. நீங்க கசக்கினா இன்னும் உடையும். அது முதல் சண்டை. உங்களை மாதிரி வருஷக்கணக்கா இருக்கிறவங்களுக்கு அதோட நிக்காது. சத்தம் கேட்டு வேற அணுக்களும் கூட்டமா வந்து அங்கயே கூடாரம் போட்டுடும். தூசி போனாலும் அதுங்க போகாது. அதுதான் இமைக்குள்ள மேடுமேடா வீங்கியிருக்கு."

"அப்ப இந்தப் பால் மருந்து?"

"அது ஸ்டீராய்டு. கூட்டத்தையே அடக்கிடும், தடியடி மாதிரி. அதனாலதான் உடனே சுகம். கொஞ்ச நாளைக்கு, நாங்க பாத்துக்கிட்டு, போட்டா அருமையான மருந்து. வருஷக்கணக்கா போட்டா சில பேருக்குக் கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வடியிற பாதையை அடைச்சிடும். அழுத்தம் ஏறும், வலிக்காது. உள்ள நரம்பு கொஞ்சம் கொஞ்சமா சாகும். அரிக்கிற கண்ணுக்கு அதிகமா விட்டீங்க, அந்தக் கண்ணுதான் அதிகமா போயிருக்கு."

அக்கா கேட்க வேண்டியதைக் கேட்டாள். "போனது திரும்பி வருமா?"

"வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். அதுக்கு நீங்க சொன்னபடி கேக்கணும்." டாக்டரம்மா எழுதிக்கொண்டே சொன்னாள். அழுத்தத்தைக் குறைக்க ஒரு சொட்டு. அரிப்புக்கு ஒரு சொட்டு. கூடாரம் போட்ட கூட்டத்தைக் கிளப்ப சைக்ளோஸ்போரின் என்று ஒரு சொட்டு. "இது தடியடி இல்ல. கூட்டத்தைச் சேரச் சொல்லிக் கூப்பிடுறவன் வாயைக் கட்டுற மருந்து. அதனால மெதுவாத்தான் வேலை செய்யும், வாரக்கணக்கு ஆகும். போட்டா எரியும். அதுவரைக்கும் ஐஸ் தண்ணில நனைச்ச துணியை வச்சு ஒத்திக்குங்க. செத்தாலும் கசக்கக் கூடாது." நிமிர்ந்து பார்த்தாள். "வண்டி ஓட்டுறீங்களா?"

"ஓட்டறதில்ல டாக்டர்."

பொய் இல்லை. அவள் ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்காருகிறாள், அவ்வளவுதானே. இப்படி ஒரு சப்பைக்கட்டை மனசுக்குள் கட்டிக்கொண்டுதான் படி இறங்கினாள். எனக்கு அவள்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கர்ப்பிணியைப் பார்க்காமல் விட்டது கண்ணின் குற்றம். இது கண்ணின் குற்றம் இல்லை.

ஆனாலும் பயம் அவளை விடவில்லை. கண் சரியில்லை, கொஞ்ச நாள் ஓய்வு என்று மட்டும் தம்பியிடம் சொன்னாள். பார்வை போனதைச் சொல்லவில்லை. தம்பி ஒன்றும் துருவவில்லை. அக்காவுக்குக் கண் சரியில்லாமல் இருப்பது அவனுக்குச் சூரியன் கிழக்கில் உதிப்பது மாதிரி. லாரியையும் காரையும் மாறிமாறித் தானே பார்த்துக்கொண்டான்.

டாக்டரம்மா சொன்னபடி, வீட்டில் மிச்சமிருந்த பால் மருந்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்தி, புட்டிகளைத் தூக்கி எறிந்த வாரங்களில் அக்கா பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அரிப்பு என்றால் சும்மா அரிப்பா? கண்ணுக்குள் யாரோ மணலை வைத்துத் தேய்க்கிற மாதிரி. கை தானாக மேலே போகும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். வெளிச்சம் பட்டால் கண்ணீர் கொட்டும். புது மருந்தோ விட்டதும் எரிந்தது, வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் தாங்க முடியாமல் மருந்துக்கடை வாசல்வரை போய்விட்டாள். மருந்துக்கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்ததுமே இரக்கப்பட்டு, "என்னக்கா இப்படி சிவந்திருக்கு? வழக்கமானது தரட்டுமா?" என்று அலமாரிப் பக்கம் திரும்பினார்.

அக்கா வாயைத் திறந்தாள். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு விட்டால் இந்த நரகம் போய்விடும். ராத்திரி தூங்கலாம்.

"வேண்டாம். இனிமே நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க. டாக்டர் சீட்டு இல்லாம யாருக்குமே கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் விறுவிறுவென்று நடந்தாள். வீடு போய்ச் சேரும்வரை இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

அப்புறம் மெல்ல மெல்ல மாறியது. ஒரு நாள் காலையில் இமை ஒட்டாமல் திறந்தது. ஒரு நாள் வெயிலில் கண் கூசவில்லை. கண்ணாடியில் பார்த்தாள், வெள்ளை விழி வெள்ளையாக இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் கண்ணை யாரும் இவ்வளவு வெள்ளையாகப் பார்த்ததில்லை. டாக்டரம்மா இமையைத் திருப்பிப் பார்த்து, மேடுகள் அமுங்குகின்றன என்றாள், அழுத்தமும் இறங்கியிருந்தது. பார்த்தவர்களெல்லாம் "கண்ணு பளிச்சுன்னு ஆயிடுச்சே" என்றார்கள். தம்பி, "இனிமே என்ன, உன் சீட்டுல நீ உக்காரு. என்னால முடியல" என்று சாவியை நீட்டினான்.

அரிக்காத கண் பார்க்கிற கண்தான் என்று அவளும் நம்பிவிட்டாள். டாக்டரம்மா சொன்ன "வராது" என்ற வார்த்தை எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. சிவப்பு போயிருக்கிறது, எரிச்சல் போயிருக்கிறது, பார்வை மட்டும் எப்படிப் போனபடி இருக்கும்? சுகமாக இருக்கும்போது யாருக்கு மூலையைப் பெருக்கத் தோன்றும்? சாவியை வாங்கிக்கொண்டாள்.

தையல்காரி காத்துக்கொண்டிருந்தாள். தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. தம்பியோடு போக மாட்டேன், அக்கா வந்தால்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். தொண்டை எப்போதோ சரியாகியிருந்தது. ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள். "முன்னாடி வேன், இடது பக்கம் ரெண்டு பேர் நடந்து போறாங்க, வலது பக்கம் ஒண்ணும் இல்ல." அக்கா தலையாட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு பேர் நடந்து போவது தெரிந்தது. எல்லாம் தெரிந்தது. மனசு லேசானது.

கடைத்தெருவுக்குள் திரும்பியபோதுதான் உறைத்தது. இவள் சொன்ன பிறகுதான் நான் பார்க்கிறேன். சொல்கிற பக்கம் தலை திரும்புகிறது, அப்புறம்தான் தெரிகிறது. எத்தனை வருஷமாக இப்படி? கற்றுக்கொள்ள வந்தவர்களின் வாயைக் கண்ணாக வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் இந்த சீட்டில் உட்கார்ந்திருந்தேன்?

"கொஞ்ச நேரம் பேசாம ஓட்டு. மெதுவாப் போ" என்றாள்.

தையல்காரி கண்ணைச் சிமிட்டி, புரிந்துவிட்டது என்பது போலச் சிரித்து, வாயை மூடிக்கொண்டாள். அக்கா காலைப் பிரேக்கின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் நேரே பார்த்தாள். ஒரு தெரு போனது. இன்னொரு தெரு போனது. ஒன்றும் குறுக்கே வரவில்லை. கடவுளே, ஒன்றும் வரவில்லை. சிக்னலில் வண்டி அழகாக நின்றது.

"அந்த நாய் இடது ஓரத்துலேர்ந்து குறுக்க ஓடி வந்தப்ப வேகத்தைக் குறைச்சேனே, கவனிச்சீங்களா அக்கா? நீங்க காலை அசைக்கவே இல்லையே. இதுவும் சோதனைதானே?" என்றாள் தையல்காரி.

அக்கா நாய் எதையும் பார்க்கவில்லை.

"சிக்னல் தாண்டி ஓரமா நிறுத்து. இன்ஜினை அணைச்சிடு."

தையல்காரி நிறுத்தினாள். அக்கா அவள் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பூசி மெழுகினால் மறுபடி பொய் வந்துவிடும் என்று பயந்து, ஒரே மூச்சில் சொன்னாள்.

"நாயை நான் பாக்கல. அன்னைக்கு அந்தக் கர்ப்பிணியையும் பாக்கல. உன்னை சோதிக்கல. என் இடது கண்ணுல பாதிக்கு மேல பார்வை இல்ல. அப்ப அது எனக்குத் தெரியாது. இப்ப தெரியும், தெரிஞ்சும்தான் ஏறி உக்காந்தேன்."

தையல்காரி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தாள்.

"அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொன்னேன்க்கா. நான் நிறுத்தாட்டியும் ஒண்ணும் ஆகியிருக்காது, பக்கத்துல அக்கா இருந்தாங்கன்னு." அக்கா பக்கம் திரும்பினாள். "யாருமே இல்ல, இல்லையா?"

"இல்ல. நீ ஒருத்திதான் இருந்த."

"நான் அன்னைக்கு ஒரு நொடி லேட்டா பாத்திருந்தா?"

அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கேட்டால் இவள் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டாள். போனை எடுத்துத் தம்பியை வரச் சொன்னாள். எங்கே, எதற்கு என்று அவன் கேட்டதற்கு, "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். நீ வந்து இந்த சீட்டுல உக்காரணும்" என்றாள்.

அவன் வரும்வரை காத்திருந்தார்கள். தையல்காரி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள், கண்ணாடியைச் சரி செய்தாள், மறுபடி சரி செய்தாள். கடைசியில் அவளாகத்தான் சொன்னாள். "எனக்கு இப்ப ஓட்டவே பயமா இருக்குக்கா."

"பயப்படு. பயப்படாம போன்னு நான் எல்லாருக்கும் சொன்னது தப்பு. பயந்து பாத்துப் பாத்து ஓட்டு. நீ நிறுத்தினாத்தான் நிக்கும்னு நினைச்சுக்கிட்டு ஓட்டு. உனக்கு ஓட்டத் தெரியும். ரெண்டு தடவையும் நீ தனியாத்தான் பாத்துப் பிரேக் போட்டிருக்க."

தம்பி மூச்சு வாங்க வந்து சேர்ந்து இடது கதவைத் திறந்தான். அக்கா பெல்ட்டை அவிழ்த்து இறங்கினாள். நடைபாதையில் நின்றபடியே அவனுக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் எப்படி எப்படியோ போயிற்று. "எங்கிட்டகூட சொல்லலையே" என்றான். பிறகு, "சாவியை நீட்டினது நான்தானே" என்றான். பிறகு அவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நீயும் பின்னாடி ஏறு என்று கூப்பிட்டான். வேண்டாம், நடந்து வருகிறேன் என்றாள்.

தையல்காரி இன்ஜினை உயிர்ப்பித்தாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். அக்கா நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை. வெள்ளைக் கார் மெதுவாக ஓரத்தை விட்டு நகர்ந்தது. அக்காவுக்கு அழுகை வந்தது, அழுதாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது.

அடுத்த முனையில், காலி மனையை ஒட்டி, கார் இடது பக்க விளக்கைப் போட்டுத் திரும்பியது. நேராகப் பார்த்தபடி நின்றிருந்தவளின் கண்ணிலிருந்து அது அந்த இடத்திலேயே காணாமல் போயிற்று. தெரு வெறும் தெருவாக இருந்தது. அக்கா தலையை முழுக்க இடது பக்கம் திருப்பினாள். அங்கேதான், கண்ணெதிரே, கார் இன்னும் போய்க்கொண்டிருந்தது.